ஓர் அங்குலத் தண்ணீருக்குக் காவல்

வலது உள்ளங்கையை மார்புயரத்துக்குத் தூக்கி, விரல்களை லேசாக மடக்கி, அப்படியே நிறுத்துகிறார் துளசிமணி. போக்குவரத்துக் காவலரின் விறைத்த கை அல்ல அது. பந்தியில் "போதுமுங்க, இன்னொரு கரண்டி வேண்டாமுங்க" என்று இலைக்கு மேலே குறுக்கே நீளுமே, அந்தக் கை. எதிரே, தண்ணீரைத் தொடக் குனிந்த கல்லூரி மாணவன் பாதிக் குனிவில் நிற்கிறான்.

"ஏனுங்க தம்பி, சாப்ட்டீங்களா?"

"ம்... சாப்ட்டேங்க."

"எங்கிருந்துங்க வாரீங்க?"

"பீளமேடுங்க."

"அட, நானும் பீளமேட்டுலதானுங்க வேலை. நல்லா இருங்க. அதை மட்டும் தொடாமப் பாருங்க கண்ணு. தொட்டா கலங்கிக்குதுங்க. அப்பறம் அடங்க நாலு நிமிசம் ஆகுது. பாவமில்லீங்களா?"

பாவம் என்றது தண்ணீரை.

"தொடாதீர்கள்" என்று சொல்வதற்காகவே அவரைக் கோயமுத்தூர்ப் பேராலயத்துக்குள் உட்காரவைத்திருந்தார்கள். அந்த ஒரு சொல்தான் அவர் வாயில் வராது. மதுக்கரையில் பிறந்து, மதுக்கரையிலேயே வாக்கப்பட்டு, ஐம்பத்து மூன்று வயதுவரை யாரிடமும் எதையும் வேண்டாமென்று நேராகச் சொன்னதில்லை. சாப்பாட்டை விசாரித்து, ஊரை விசாரித்து, வழியில் சொந்தம் ஏதும் தட்டுப்படுகிறதா என்று பார்த்து, கடைசியில் போகிறபோக்கில் தடையைச் சொல்வார். அதற்குள் தொட வந்தவருக்குத் தொடும் ஆசை போயிருக்கும். சிலருக்குப் பசியே வந்துவிடும்.

அந்தப் பேராலயத்துக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் ஆகிறது. வில்வண்டிக் கூண்டுபோல் வளைந்த மரக்கூரை. அதில் நீலம் பூசி, நீலத்தில் பொன் நட்சத்திரங்கள். தரையில் பூப்போட்ட பழைய கற்கள். பொங்கல் கழிந்த திங்கட்கிழமையிலிருந்து சாம்பல் புதனுக்கு முந்தைய நாள்வரை முப்பது நாளைக்கு, நடுவிலிருந்த பெஞ்சுகளையெல்லாம் இருபுறமும் ஒதுக்கிவிட்டு, அறுபதடி நீளம் எட்டடி அகலத்தில் கறுப்பாய் ஒரு தண்ணீர்ப் பரப்பு வைத்திருந்தார்கள். ஆழம் ஓர் அங்குலம். தரையில் பலகை பரப்பி, விளிம்புக்கு ரீப்பர் கட்டை வைத்து, பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற கறுப்பு பிளாஸ்டிக் தாளை அதன்மேல் விரித்து, ஆயிரத்து நூறு லிட்டர் தண்ணீர் விட்டிருந்தது. படைப்பு அவ்வளவுதான். காற்று அசையாத நேரத்தில் கூரை முழுவதும் அதில் இறங்கி வந்து படுத்துக்கொள்ளும். குனிந்தால் காலடியில் நட்சத்திரம்.

படைத்தவர் நவ்யா. பீளமேட்டில் ஒரு காலத்தில் மில் வைத்திருந்த குடும்பத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, வெளியே கோயமுத்தூர்த் தமிழ், கலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஆங்கிலம். வாசலில் ஒரு பலகையில் தன் படைப்பைப் பற்றி இருநூறு சொல்லுக்குக் குறையாமல் எழுதி வைத்திருந்தார். அதைப் படித்தவர்கள் நேராகத் துளசிமணியிடம் வந்து, "இது என்னதுங்க?" என்று கேட்டார்கள். "கீழ பாருங்க, மேல தெரியும்" என்பார் அவர். மூன்றாம் நாள் நவ்யா இதை ஒட்டுக்கேட்டுவிட்டு, பலகையின் முன் கொஞ்ச நேரம் நின்று, அதைத் தூணுக்குப் பின்னால் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

இந்தத் தண்ணீருக்குக் காவலாக இவரைப் போட்டதில் ஒரு வேடிக்கை உண்டு. இருபத்திரண்டு வருஷமாக அவருடைய தொழிலே தரையில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்வது. பீளமேட்டில் ஒரு கணினி அலுவலகத்தின் நாலாவது மாடி அவர் பொறுப்பு. மாப்பைப் பிழிந்து ஒரு இழுப்பு, மறு இழுப்பு, காலை மாற்றி வைத்து இன்னொரு இழுப்பு. பின்னாலேயே மஞ்சள் போர்டு. ஆள் வழுக்கி விழுவதுபோல் படம் போட்ட அந்தப் போர்டை வைக்காமல் ஈரத் தரையை விட்டு அவர் அகன்றதே கிடையாது. "தண்ணி நின்னா யாராச்சும் உழுந்துபோடுவாங்க" என்பது அவர் வேதம். பேராலயத்துக்கு வந்த முதல் நாள், எதற்கும் இருக்கட்டும் என்று அந்தப் போர்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அறுபதடித் தண்ணீரைப் பார்த்ததும் அவர் கை தானாக மாப்பைத் தேடியதை நவ்யா பார்த்துவிட்டார்.

"அக்கா, இதைத் துடைக்கக் கூடாதுங்க. இது நிக்கோணும்."

"எத்தனை நாளைக்குங்க?"

"முப்பது நாள்."

"அட ஏஞ்சாமி" என்றார் துளசிமணி. கொஞ்சம் பொறுத்து, "நானு?" என்று கேட்டார்.

"நீங்க உக்காந்துக்கங்க."

அவருக்குக் காது சரியாகக் கேட்டதா என்பதே சந்தேகமாகிவிட்டது.

நாலாவது மாடியில் உட்கார அனுமதி இல்லை. வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்து வருஷக்கணக்காகிறது. அந்தச் சட்டத்தின் நகலும் நோட்டீஸ் போர்டில் கண்ணாடிக்குள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. துளசிமணிதான் கீழே நின்று அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறார். இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருண்டு, மண்புழு நெளிவதுபோல் புடைத்திருக்கிறது. "நிக்காதீங்க" என்றார் டாக்டர். "சரிங்க" என்று நின்றபடியே சொல்லிவிட்டு வந்தார். சூப்பர்வைசர் மனோஜ்குமாருக்கு இருபத்தெட்டு வயது. கெட்ட பிள்ளை இல்லை. அவனுக்கும் மேலே ஆள் உண்டு. கோயிலில் ஒரு மாத வேலைக்கு நவ்யா ஆள் கேட்டபோது, "நிக்க முடியாத ஆளை அனுப்புங்க" என்று யாரோ மேலிருந்து சொல்ல, இவரை அனுப்பினான்.

கொடுத்த நாற்காலி, பேராலயத்தின் பங்கு மண்டபத்து இரும்பு மடக்கு நாற்காலி. முதுகில், உபயம் செய்தவரின் பெயர் முதுகைவிடப் பெரிதாக எழுதியிருக்கும். கால்களில் ரப்பர் புஷ் எப்போதோ கழன்று போயிருந்தது. முதல் நாள் அதன் நுனியில், பேருந்தில் மூன்றாவது ஆளாக ஒட்டிக்கொள்வதுபோல் உட்கார்ந்தார். இரண்டாம் நாள் பாதி. மூன்றாம் நாள்தான் முதுகு போய்ச் சாய்ந்தது. அன்று மத்தியானம் சோமனூரில் வாக்கப்பட்டிருக்கும் மகள் லோகப்பிரியா போனில் கூப்பிட்டாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"உக்காந்துட்டு இருக்கேன் கண்ணு."

"ஏம்மா, ஒடம்புக்கு என்னாச்சு? நான் பொறப்பட்டு வாரேன்" என்றாள்.

நன்றி சொல்வது துளசிமணிக்கு மூச்சு விடுவதுபோல. லிப்ட் கதவு திறந்தால் அதற்கொரு நன்றி. ஏடிஎம் இயந்திரம் கார்டைத் திருப்பித் தந்தால், "நெம்ப நன்றிங்க" என்று அதற்கும். பேருந்திலிருந்து இறங்கியதும் திரும்பி, பேருந்தின் பின்புறத்துக்கு ஒன்று. அந்த மாதம் மட்டும் தினமும் சாயங்காலம் நாற்காலியை மடக்கித் தூணில் சாய்த்து, அதன் முதுகில், உபயதாரர் பெயருக்கு நேராக இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்.

வந்த கூட்டம் பல விதம். சிலர் தண்ணீரில் காசு போட்டார்கள். ஏன் போட்டோம் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. தண்ணீர் என்று இருந்தால் காசு என்று போடத்தானே வேண்டும். வயதான அம்மாக்கள் விரலை நனைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்ளக் குனிந்தார்கள். "அம்மணி, தீர்த்தம் வாசப்படில இருக்குதுங்க. இது போர் தண்ணிங்க" என்று தடுப்பார் துளசிமணி. அவர் வீட்டுச் சாமி மாரியம்மன். ஆனால் பத்து நாளைக்குள் எந்தப் புனிதருக்கு எந்தக் காரியத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்று வருகிறவர்களுக்குச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். தொலைந்த பொருளுக்கு அந்தோணியார். "நானும் நேத்து கேட்டேனுங்க. கொடை கெடைச்சுப்போச்சு."

கூட்டம் வருவதற்கு முன்புதான் அவருடைய உண்மையான வேலை. காலை ஏழு மணிக்குத் தண்ணீர்மேல் பழைய செய்தித்தாளை விரித்து, நனைந்ததும் ஒரு முனையைப் பிடித்து மெல்ல உரிப்பார். ராத்திரி படிந்த தூசியெல்லாம் தாளோடு வந்துவிடும். மதுக்கரையில் சிமெண்டுத் தூசிக்கு நடுவே தண்ணீர்த் தொட்டி வைத்துக் குடித்தனம் நடத்திய பெண்களுக்கு இது கைவந்த காரியம். பிறகு ஒரு ஈர்க்குச்சியை விட்டு ஆழம் பார்ப்பார். குச்சியில் பல்லால் கடித்து வைத்த அடையாளம் உண்டு. ஒரு பகல் ஒரு இரவுக்கு அரை நூல், கடுகளவுதான், வற்றும். நாலு குடம் ஊற்றினால் சரியாகிவிடும். நாலேதான்; மூன்றே முக்கால் இல்லை, நாலே கால் இல்லை.

இதையெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்து நிற்பவர் கோயில்பிள்ளை இன்னாசிமுத்து. பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, மணி அடிப்பது, மெழுகுவர்த்தி அணைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நாற்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறார். "தண்ணியப் பாக்கோணும்னா சிறுவாணிக்குப் போகட்டுமுங்க. இங்க எதுக்கு?" என்று ஆரம்பத்திலேயே சொன்னவர். கோயில் காரியங்களை முடிவுசெய்யும் பங்குப் பேரவையில் போராடி ஒரு நிபந்தனையும் போடவைத்தார்: தரைக் கல்லில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் அன்றைக்கே தண்ணீரை இறைத்துவிட வேண்டும். அந்தக் கற்களில் ஒன்று கெட்டால் மாற்றுக் கல் உலகத்திலேயே கிடையாது. நவ்யா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதம் இன்னாசிமுத்துவின் சட்டைப் பையில், ஜெபமாலையோடு ஒன்றாகக் கிடந்தது.

"என்னம்மணி, உங்க கொளம் எப்புடி இருக்குது?" என்பார் காலையில்.

"உங்க புண்ணியத்துல ஒழுகாம இருக்குதுங்ணா."

"ஒழுகட்டும், ஒழுகட்டும். காயிதம் ரெடியா இருக்குது."

"காயிதத்தையும் நனைஞ்சுபோகாமப் பாத்துக்கங்ணா. வேர்வைல எழுத்து அழிஞ்சுபோயிருமுங்க."

இப்படி தினமும் ஒரு சண்டை. தினமும் சண்டை முடிந்ததும் அவர் தண்ணீரின் மேற்கு மூலைக்குப் போய், அதையே ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் போவார். எதற்கென்று துளசிமணி கேட்டதில்லை.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் ஒரு புறா இறகு மேலிருந்து சுழன்று சுழன்று வந்து தண்ணீரில் விழுந்தது. ஒதுக்குவதற்கென்று ஒரு நீளக் குச்சி உண்டு. ஆறு எட்டு எடுத்துவைக்கும் தூரத்தில் தூணில் சாய்ந்து நின்றது. எழுந்து போயிருக்கலாம். பத்தொன்பது நாளைக்கு முன்னால் என்றால் எழுந்து ஓடியிருப்பார். உட்காரும் சுகம் அதற்குள் எலும்பில் இறங்கிவிட்டது. இருந்த இடத்திலிருந்தே நாற்காலியை முன்னால் சாய்த்துக் கையை நீட்டினார். புஷ் இல்லாத முன்கால் ஒன்று ரீப்பர் கட்டையில் ஏறி, வழுக்கி, தண்ணீருக்குள் 'சொத்' என்று இறங்கியது. உடனே இழுத்துக்கொண்டார். இறகும் கைக்கு வந்துவிட்டது. அலை அடங்கியது. நட்சத்திரமெல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பின. யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை தண்ணீர் ஐந்தாவது குடம் கேட்டது.

குச்சியைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தார். ஐந்தாவதுதான். செருப்பில்லாத காலோடு விளிம்பை ஒட்டி நடந்தார். காய்ந்த கல்லுக்கும் ஈரக் கல்லுக்கும் பாதத்தில் வித்தியாசம் தெரியும். அவர் பாதத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். நாலாவது தூணுக்கு எதிரே, தாம்பாளம் அளவுக்கு ஈரம். பலகைக்கு அடியிலிருந்து கசிந்து பூப்போட்ட கல்லில் ஏறியிருந்தது. நாற்காலி போட்டிருந்த அதே இடம்.

காலைப் பூசை முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். கோயிலில் வேறு ஆளில்லை. இன்னும் பத்து நாள் பாக்கி. முந்தானையால் துடைத்தார், கல் காய்ந்ததுபோல் தெரிந்தது. வெளியே போய்த் துணியைப் பிழிந்துகொண்டு வருவதற்குள் மறுபடி பூத்திருந்தது. மறுபடி துடைத்தார். அரைமணிக்கு ஒரு தரம் துடைத்துக்கொண்டே இருந்தால் பத்து நாளை ஓட்டிவிடலாம் என்றுகூட ஒரு கணக்கு மனசில் ஓடியது. இல்லையென்றால் இன்றைக்கே தண்ணீரை இறைத்துவிடுவார்கள். நாளைக்கு நாலாவது மாடி. காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறுவரை. கெண்டைக்காலை ஒரு தரம் தடவிக்கொடுத்தார். சொல்லலாமா, விடலாமா என்று மனசு பேசிக்கொண்டிருக்கையிலேயே, இன்னொரு துணி எடுத்து வரத் திரும்பினார். திரும்பும்போது அவர் கை என்ன செய்தது என்பதை அவர் கவனிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக் கை அது.

துணியோடு திரும்பி வந்தபோது, ஈரத்தின்மேல் மஞ்சள் போர்டு நின்றது. போர்டின் முன்னால் இன்னாசிமுத்து நின்றார்.

"என்னம்மணி, இங்க போர்டு?"

துளசிமணி போர்டைப் பார்த்தார். தான் வைத்ததுதான்.

"ஈரமுங்ணா."

"மாப்பு போட்டீங்களா?"

ஆமாம் என்றிருந்தால் கதை முடிந்திருக்கும். பொய்யை அவரே எடுத்து நீட்டினார், வாங்கிக்கொண்டால் போதும். துளசிமணி துணியை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார்.

"இல்லீங்ணா. நாந்தான் ஓட்டை பண்ணிப்போட்டேன். நேத்து எந்திரிக்கச் சோம்பல்பட்டுப்போட்டு, உக்காந்தவாக்குல சேரைச் சாச்சனுங்க. காலு உள்ள எறங்கிருச்சு. ராத்திரியெல்லாம் கசிஞ்சிருக்குது." பிறகு அவரே சொன்னார்: "காயிதத்தை எடுங்ணா."

பங்குச் சாமியார் வந்தார். பின்னாலேயே நவ்யாவும் வந்து சேர்ந்தார். துளசிமணி எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து, இறகில் தொடங்கிச் சொன்னார். எழுந்து போகாததை மூன்று தரம் சொன்னார்.

"நிபந்தனை ஞாபகம் இருக்குதுங்களா நவ்யா?" என்றார் சாமியார் தயக்கத்தோடு.

"இருக்குதுங்க ஃபாதர். இன்னைக்கே இறைச்சரலாம்." நவ்யாவின் குரல் தண்ணீரைவிட மெல்லிசாக இருந்தது.

இன்னாசிமுத்து சட்டைப் பையில் கை விட்டார். காகிதம் வரும் என்று எல்லோரும் பார்த்தார்கள். வந்தது கைக்குட்டை. முழங்காலில் நின்று, கல்லை அதனால் ஒற்றி எடுத்துவிட்டு, நிமிராமலே பேசினார்.

"ஃபாதர், ஐப்பசி மழைக்கு இந்தக் கூரை ஒழுகுமில்லீங்களா? இதே கல்லு மேல பதினோரு பக்கெட்டு வெக்கறனுங்க."

"பதினொண்ணா? எங்கிட்ட மூணுன்னு சொன்னீங்க!"

"எட்டை ஒளிச்சு வெச்சனுங்க. சொன்னா கூரையப் பிரிச்சுப்போட்டுத் தகரம் போட்டுருவாங்கன்னு பயம். அப்பெல்லாம் இந்தக் கல்லுக்கு ஒண்ணும் ஆகலீங்க." எழுந்து மேற்கு மூலையைக் காட்டினார். "அந்த மூலைல ஒரு நட்சத்திரம் உதுந்து கெடக்குது. நாப்பது வருசமா கீழ நடக்கறேன். அண்ணாந்து பாக்கக் கழுத்து ஒத்துக்கறதில்லை. இந்தத் தண்ணி வந்துதானுங்க எனக்கே தெரிஞ்சுது. எட்டுப் பக்கெட்டை ஒளிச்சவன், நான் எப்புடிங்க காயிதத்தை நீட்டறது?"

சாமியார் கூரையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், கடைசியில் துளசிமணியைப் பார்த்தார்.

"மத்தியானத்துக்குள்ள அடைக்க முடியுமா?"

நவ்யாவிடம் மிச்சத் தாளும் பசையும் இருந்தன. ஓட்டை இருக்கும் இடம் காய்ந்தால்தானே ஒட்டும்? தண்ணீர் முழுவதையும் இறைக்க வேண்டும் என்றார் நவ்யா. "எதுக்குங்க?" என்றார் துளசிமணி. பன்னிரண்டு மாப்புத் துணியை முறுக்கி, ஓட்டையைச் சுற்றி வயலுக்கு வரப்புப் போடுவதுபோல் வட்டமாக வைத்தார். உள்ளே இருந்த தண்ணீரை ஒற்றி ஒற்றிப் பிழிந்தார். பத்தொன்பது நாளாகத் தொடாமல் காத்த தண்ணீரில் முழங்கைவரை நனைந்து, இருபது நிமிஷத்தில் ஒரு தட்டளவு இடத்தை எலும்பாகக் காயவைத்துக் கொடுத்தார். மேலே ஒரு ஒட்டு. பலகையை லேசாக நெம்பி, அடியில் மில்லிலிருந்து வரும் கழிவுப் பஞ்சைத் திணித்து, கல்லையும் காயவைத்தார்கள். பதினொன்றரைக்குக் கதவு திறந்தபோது, வந்தவர்கள் பார்த்தது நட்சத்திரங்களை மட்டும்தான்.

துளசிமணி நாற்காலியை மடக்கித் தூணுக்குப் பின்னால், நவ்யாவின் இருநூறு சொல் பலகையோடு வைத்துவிட்டு நின்றுகொண்டார். நவ்யா சொல்லிப் பார்த்தார். சாமியாரும் சொல்லிப் பார்த்தார். "இருக்கட்டுமுங்க. நிக்கறவளுக்கு இப்புடி ஆயிருக்காது" என்று முடித்துவிட்டார். சாயங்காலம் ஆறுவரை நின்றார். கிளம்பும்போது மட்டும், பழக்கம் விடாமல், மடக்கிய நாற்காலியின் முதுகில் இரண்டு தட்டு.

மறுநாள் காலை நாற்காலி பழைய இடத்தில் விரித்துக் கிடந்தது. ரீப்பர் கட்டையிலிருந்து இரண்டடி தள்ளி, சாக்குக்கட்டியால் தரையில் ஒரு கோடு. நாலு காலிலும் நாலு ரப்பர் புஷ். ஒன்று கறுப்பு, இரண்டு பழுப்பு, ஒன்று ஓரம் தேய்ந்தது.

"ஏதுங்ணா இது?"

இன்னாசிமுத்து மெழுகுவர்த்தித் தண்டைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். பின்னறையில், கால் குணமானவர்கள் நேர்ச்சையாக விட்டுப்போன ஊன்றுகோல்கள் ஒரு மூலை நிறையக் கிடக்கின்றன; அவற்றில் நாலுக்கு இப்போது அடி ரப்பரைக் காணோம்.

"நடந்து போனவங்க உட்டுட்டுப் போனதுங்க. அவங்களுக்கு இனி அது வேண்டாமில்ல. கோட்டைத் தாண்டாம உக்காருங்க."

துளசிமணி ஒரு புஷ்ஷைத் தொட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எந்தச் சாமிக்கு என்று இன்னாசிமுத்து கேட்கவில்லை. சாயங்காலத்துக்குரிய இரண்டு தட்டையும் அன்று காலையிலேயே நாற்காலியின் முதுகில் தட்டினார். கோட்டுக்கு இந்தப் பக்கமாக, முதுகு நன்றாகச் சாய உட்கார்ந்தார். மிச்சமிருந்த பத்து நாளும் நாலே குடம்.

சாம்பல் புதனுக்கு முதல் நாள் மோட்டார் வைத்துத் தண்ணீரைக் கோயில் தோட்டத்துக்கு இறைத்தார்கள். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மேலே போய்ச் சேர்ந்தன. கடைசி ஈரத்தைத் துளசிமணியே மாப்பு போட்டு எடுத்தார், போர்டு வைத்தார், காய்ந்ததும் எடுத்தார். நாலாவது தூணுக்கு எதிரே கல்லில் பூ பூவாகவே இருந்தது. நாற்காலி மண்டபத்துக்குத் திரும்பவேண்டிய நேரத்தில், இன்னாசிமுத்து அதைக் கவிழ்த்துப்போட்டு நாலு புஷ்ஷையும் கழற்றி, துளசிமணியின் சாப்பாட்டுப் பைக்குள் போட்டார்.

"சேரு கோயிலுதுங்க" என்றார்.

"வாரேனுங்ணா" என்றார் துளசிமணி.

வியாழக்கிழமை காலை, பீளமேடு, நாலாவது மாடி. தேநீர் அறையில் ஒரு பழைய இரும்பு ஸ்டூல் உண்டு. நகர்த்தினால் மாடியே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் 'கிறீச்' என்று கத்தும். அதனாலேயே யாரும் அதை எடுப்பதில்லை. துளசிமணி அதைக் கவிழ்த்து, ஒவ்வொரு காலுக்கும் ஒரு புஷ்ஷாக, உள்ளங்கையால் தட்டி மாட்டினார். தள்ளிப் பார்த்தார். சத்தம் இல்லை. வழக்கம்போல் லிப்ட் வாசல்வரைக்கும் மாப்பு போட்டு முடித்து, மஞ்சள் போர்டை வைத்தார். பிறகு ஸ்டூலைச் சுவரோரம் போட்டு, நோட்டீஸ் போர்டுக்குக் கீழே உட்கார்ந்தார்.

லிப்ட் திறந்தது. மனோஜ்குமார்.

"என்னங்க்கா, உக்காந்துட்டீங்க?"

எழுந்திருக்க வேண்டிய இடம் அது. துளசிமணியின் வலது உள்ளங்கை மார்புயரத்துக்கு வந்து, விரல்கள் லேசாக மடங்கி, அப்படியே நின்றது.

"ஏனுங்க தம்பி, சாப்ட்டீங்களா?"

"ம்... சாப்ட்டேங்க."

"நல்லதுங்க. அங்கயே செத்த நில்லுங்க கண்ணு. தரை ஈரமா இருக்குது. காயட்டும்."

மனோஜ்குமார் ஒரு காலை லிப்டிலும் ஒரு காலை வெளியிலுமாக வைத்து நின்றான். கதவு வந்து அவன் தோளில் இடித்துவிட்டுத் திரும்பிப் போனது. தூக்கிய கையை இறக்காமல், ஈரத் தரையில் தலைகீழாக எரிந்த டியூப் லைட்டுகளை உட்கார்ந்தபடியே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார் துளசிமணி.